ரயில் நிலையம் யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில்?

(சென்னையில் நடந்த இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் மெட்ரோ ரயிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு இளம் தோழர் கேட்டார்: "மெட்ரோவில் என்ன தோழர் சாதி? யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் யார் என்று யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது தானாக வந்த உரிமை அல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் யாரும் தடை செய்யக்கூடாது என்று சென்னை மாகாண சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்தது. அந்தச் சாலையில் பேருந்து ஓடத் தொடங்கியபோது, தனியார் பேருந்து முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பேருந்தின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த வழக்கம், பெரியாரும் தோழர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் ஒழிந்தது.

இன்றைக்குத் தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ நிலையம் கட்டுகிறார்கள். பனகல் அரசர் நீதிக்கட்சியின் பிரதமர். பக்கத்தில் இருக்கும் பாண்டி பஜார் சௌந்தரபாண்டியனார் பெயரில் இருப்பது. தியாகராயர் பெயரில் நகர், பனகல் பெயரில் நிலையம், சௌந்தரபாண்டியன் பெயரில் கடைத்தெரு. பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து போகும் தூரத்தில், அந்தக் கடைத்தெருவைக் கூட்டிப் பெருக்குகிறவர் வீடு வாங்க முடியுமா? வாங்குவது இருக்கட்டும், வாடகைக்குக் குடியிருக்க முடியுமா?

ஏறும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினார்கள், வென்றார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் வாழும் உரிமை இப்போது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நான் பேச வந்தது இதைத்தான்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் 2015 ஜூனில் ஆலந்தூர் – கோயம்பேடு இடையே ஓடத் தொடங்கியது. அதன் செலவில் பாதிக்கு மேல் ஜப்பானின் ஜைக்கா கொடுத்த கடன். இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020-ல் அமித் ஷா வந்து அடிக்கல் நாட்டினார். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலம் முழுவதும் சுமையைத் தூக்கியது தமிழ்நாடு அரசு. ஒன்றிய அரசின் இந்த ஓரவஞ்சனையைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போடலாம். இன்றைக்கு எனக்கு வேண்டியது வேறு கணக்கு.

63,246 கோடியை 118.9-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 530 கோடி ரூபாய் வருகிறது. இந்தக் கடனை யார் கட்டப் போகிறார்கள்? மெட்ரோவில் ஏறுகிறவர்கள் மட்டுமா? இல்லை. டிக்கெட் காசு அன்றாடம் ரயிலை ஓட்டவே போதுமா என்பது சந்தேகம். கட்டப்போவது அரசு கஜானா. கஜானாவுக்குப் பணம் போவது கண்ணகி நகரில் ஒரு அம்மா கடையில் வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டும் வரியிலிருந்தும்தான். ஆக, இது எல்லோருடைய பணம்.

எல்லோருடைய பணத்தில் ஒரு நிலையம் வருகிறது. வந்ததும் சுற்றிலும் என்ன நடக்கிறது? நிலத்தின் விலை ஏறுகிறது. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய் ஏறினால், ஒரு கிரவுண்ட் வைத்திருப்பவருக்கு 24 லட்சம் ரூபாய். அவர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. அடுத்ததாக, நிலையத்தைச் சுற்றி உயரமாகக் கட்டலாம் என்று அரசு தளப்பரப்பை, அதாவது எஃப்எஸ்ஐ-யைக் கூட்டிக் கொடுக்கிறது. அதே நிலத்தில் இன்னும் சில மாடிகள். மறுபடியும் லாபம். இதற்கு 'போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி' என்று பெயர்.

நிலையத்தைச் சுற்றி அடர்த்தியாக வீடும் கடையும் இருப்பது தவறல்ல, தோழர்களே. நான் அதற்கு எதிரி அல்ல. நிலையத்துக்குப் பக்கத்தில் நிறையப் பேர் குடியிருந்தால் கார் குறையும், புகை குறையும். கேள்வி ஒன்றுதான். அந்த நிறையப் பேர் யார்?

இங்கேதான் சாதி வருகிறது. நில மதிப்பு ஏறினால் நிலம் வைத்திருப்பவருக்கு லாபம். நிலம் யாரிடம் இருக்கிறது? இந்தச் சென்னையின் புறநகரில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே இந்த மக்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அந்த அறிக்கை காட்டியது. அதன் விளைவாக 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். அதில் எவ்வளவு இன்று நம் மக்கள் கையில் இருக்கிறது? 1994-ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். நிலம் பறிபோன இந்த மண்ணில்தான் இன்றைக்கு நில மதிப்பு ஏறுகிறது. பறிகொடுத்தவனுக்கு அந்த ஏற்றத்தில் ஒரு காசு கிடையாது.

நிலம் இல்லாதவர் வாடகைக்காவது வரலாமே என்பீர்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு தேடிப் போன தோழர்கள் இங்கே கை தூக்குங்கள். சரி. வாடகை எவ்வளவு என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் உங்களைக் கேட்டிருப்பார்: "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் 'சைவம் மட்டும்' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் யார் என்று தெரியாது என்றாரே தோழர், அது உண்மை. ஆனால் ரயிலை விட்டு இறங்கி நூறு அடி நடந்தால் தெரிந்துகொண்டுதான் கதவைத் திறக்கிறார்கள்.

இன்னொரு ரயிலைப் பாருங்கள். பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் வந்தது. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். கால்வாயை ஒட்டி யார் வாழ்ந்தார்கள்? மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தவர்கள், மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள், மீன் விற்றவர்கள். பெரும்பாலும் தலித் மக்கள், மீனவ மக்கள். வேலை செய்யும் வீடு நடந்து போகும் தூரம். ரயில் வந்தது. நிலையங்களை மாளிகை போலக் கட்டினார்கள். கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகை கொட்டும் என்று மாடி மாடியாகக் கட்டிய தளங்கள் பல ஆண்டுகள் வௌவால் குடியிருக்கத்தான் பயன்பட்டன. கால்வாயோரம் இருந்த மனிதர்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தினார்கள்.

எங்கே அனுப்பினார்கள்? 2000-ல் கண்ணகி நகர். ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதன் பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ரயிலுக்கு என்று ஒருமுறை, சாலைக்கு என்று ஒருமுறை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையை மீட்கிறோம் என்று இன்னொருமுறை. காரணம் மாறிக்கொண்டே இருந்தது. லாரி போய் நின்ற இடம் மாறவில்லை. ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தின் அமைப்பு. அந்தக் கிராமத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு அவையிலேயே கடுமையாக விமர்சித்தார். அதிலிருந்து தப்பித்துத்தான் நம் மக்கள் நகரத்துக்கு வந்தார்கள். இந்த நகரமோ எட்டு மாடிக் கட்டடத்தில் மறுபடியும் ஊருக்கு வெளியே ஒரு சேரியைக் கட்டிவிட்டது.

பெரும்பாக்கத்தில் ஒரு அக்காவைத் தெரியும். மந்தைவெளிப் பக்கம் கால்வாயோரத்தில் பிறந்து வளர்ந்தவர். முன்பு மூன்று வீடுகளில் வேலை. காலையில் ஒரு வீட்டை முடித்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் அடுத்த வீட்டுக்குப் போவார். பெரும்பாக்கம் போனபிறகு விடியற்காலை நாலரைக்கு எழுந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு வீடு மிச்சம், இரண்டு வீடு போய்விட்டது. மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டை இடித்ததால் அந்தப் பெண்ணும் அம்மாவுடன் அதே பேருந்தில் பழைய பள்ளிக்கே போய்வந்தது. "வீடு குடுத்தாங்க தம்பி, இல்லேங்கல. ஆனா என் பொழப்ப மந்தைவெளியிலயே விட்டுட்டு வந்துட்டேனே" என்றார் அக்கா.

2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்த அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரே ஒன்று சொன்னார். இலவசம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டிய காலை வேளையில் வந்து நிற்பது டீலக்ஸ். அடுத்த சாதாரணப் பேருந்து எப்போது வரும் என்று தெரியாமல் நிற்க முடியாது. காசு கொடுத்து ஏற வேண்டியதுதான். பேருந்து எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் இலவசம் என்பது பாதி உரிமைதான்.

சென்னை மாநகரப் பேருந்துகளில் ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போகிறார்கள். மெட்ரோவில் சுமார் 3 லட்சம். பத்தில் ஒரு பங்கு. பேருந்துகள் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம். ஒரு பேருந்தின் விலை இரண்டு கோடி என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகும் செலவில் 250 பேருந்துக்கு மேல் வாங்கலாம். ஆனால் 'நட்டம்', 'இலவசம்', 'சுமை' என்ற சொற்களெல்லாம் பேருந்துக்கு மட்டும்தான் வருகின்றன. 2024 தேர்தல் நேரத்தில் பிரதமர் மோடி ஒரு பேட்டியில், பெண்களுக்குப் பேருந்தை இலவசமாக்கினால் மெட்ரோவில் கூட்டம் குறைந்துவிடும் என்று குறைபட்டுக்கொண்டார். 530 கோடி போட்டு ஒரு கிலோமீட்டர் கட்டினால் அது 'முதலீடு', அக்காவின் டிக்கெட் மட்டும் 'இலவசமா'?

"அப்படியானால் மெட்ரோவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மெட்ரோ வேண்டும். நல்ல ரயில், ஏசி, சுத்தமான நடைமேடை, மாற்றுத்திறனாளிகளுக்கு லிஃப்ட். இது எல்லாம் நம் மக்களுக்கும் வேண்டும். அவர்களுக்கு மட்டும் ஓட்டைப் பேருந்து போதும் என்று சொன்னால் அதுவும் ஒரு வகைத் தீண்டாமைதான். நான் கேட்பது, நம் பணத்தில் ஏறும் நில மதிப்பில் நமக்கு என்ன பங்கு என்பதுதான்.

இதை நான் மட்டும் கேட்கவில்லை. ஒன்றிய அரசின் 2017 மெட்ரோ கொள்கையே, ரயிலால் ஏறும் நில மதிப்பில் ஒரு பகுதியைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு வந்த போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையிலான பகுதியில் கட்டப்படுவதில் ஏறக்குறைய 30 சதவீதத் தளப்பரப்பை எளியோருக்கான வீடுகளுக்கு ஒதுக்கலாம் என்கிறது. மோடி அரசின் காகிதத்திலேயே இருக்கிறது தோழர்களே! ஆனால் அது பரிந்துரை, சட்டம் அல்ல. கூடுதல் மாடி கட்டும் பகுதி மட்டும் வேகமாக விதியாகிவிடும். 30 சதவீதம் காகிதத்திலேயே தூங்கும்.

ஹாங்காங்கைப் பாருங்கள் என்பார்கள். அங்கே ரயில் நிறுவனமே நிலையத்தின் மேலும் பக்கத்திலும் கட்டடம் கட்டி, அந்த வருமானத்தில் ரயில் பாதை போடுகிறது. உண்மைதான். ஆனால் அதே ஹாங்காங்கில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பாதியை மட்டும் இறக்குமதி செய்வதில் நம் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள்.

நகரத்துக்குள் இடமில்லை என்பதும் பொய். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயோர வீடுகளை இடித்தார்கள். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இடிப்பை எதிர்த்து அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே அவர்களுக்கு வீடு தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் இடம் இருந்தது. அது இருக்கிறது என்று சொல்ல வைக்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

இப்போது நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாதவரம் – சிறுசேரி சிப்காட் வழித்தடம் பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கம், செம்மஞ்சேரி வழியாகப் போகிறது. மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வருகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்களே, அதே இடங்கள். ரயில் இப்போது அங்கே வருகிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் கால்வாயோரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரயில் வந்ததும் அந்த நிலமும் தங்கமாகும். அங்கே இருப்பவர்களில் பலருடைய கையில் இன்றுவரை கிரயப் பத்திரம் இல்லை, ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான். இருபது வருடம் கழித்து, கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துக் கட்ட வேண்டும், தற்காலிகமாக வேறு இடம் போங்கள் என்று ஒரு லாரி வந்து நின்றால் எதைக் காட்டித் தடுப்பார்கள்? அந்த அக்காவின் மகள் மூன்றாவது முறையாகச் சட்டி பானையைத் தூக்க வேண்டுமா?

எனவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் மக்களுக்கு ரயில் வருவதற்கு முன் பெண்கள் பெயரில் கிரயப் பத்திரம் வேண்டும். 

இரண்டு, நிலையங்களை ஒட்டியுள்ள அரசு நிலத்தைத் தனியாருக்கு விற்கக் கூடாது. குறைந்த வாடகை அரசுக் குடியிருப்பு அங்கே வர வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து முன்பு வெளியேற்றப்பட்டவர்களுக்கு முதல் உரிமை. 

மூன்று, அந்த 30 சதவீதத்தைக் கட்டட விதிகளில் கட்டாயமாக்க வேண்டும். அதே நிலையத்தின் பகுதியிலேயே கொடுக்க வேண்டும். மயிலாப்பூரில் மாடியைக் கூட்டிக்கொண்டு, ஏழைக்குத் திருவள்ளூரில் வீடு என்ற கதையே கூடாது. 

நான்கு, கூடுதல் தளப்பரப்புக்கு அரசு வாங்கும் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கு மாநகரப் பேருந்துக்குப் போக வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து புறப்படும் எல்லாப் பேருந்திலும் மகளிருக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. 

ஐந்து, நிலையத்துக்காக இனி ஒரு குடும்பத்தையும் அது வாழும் பகுதியை விட்டு வெளியேற்றக் கூடாது.

இதை ஏன் இப்போதே கேட்க வேண்டும்? சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாம் திட்டத்துக்கான வேலை நடக்கிறது. நிலையத்தைச் சுற்றி யார் வாழலாம் என்பதை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எழுதப்போவது அந்தத் திட்டம்தான். அது வெறும் எண்களும் வரைபடமுமாக இருக்கும், படிக்கச் சலிப்பாக இருக்கும். கட்டுமான முதலாளிகள் சலிப்பில்லாமல் படிப்பார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதல் வரிசையில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பொறியியல் படித்தவர்கள், சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்த நிலையத்தைச் சுற்றி எவ்வளவு அரசு நிலம்? அதை என்ன செய்யப் போகிறீர்கள்? வந்த பதிலைப் பெரும்பாக்கத்துக்கு எடுத்துப் போய், படித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அந்த மக்களே பார்த்துக்கொள்வார்கள். கருத்துக்கேட்புக்கு அவர்களோடு சேர்ந்து போங்கள்.

சௌந்தரபாண்டியன் அன்று பேருந்து முதலாளியிடம் தயவு கேட்கவில்லை. பொதுச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் எல்லோரையும் ஏற்று, இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது என்றார். பொதுப் பணத்தில் வந்த ரயிலால் லாபம் பார்க்கிறவர்களிடமும் நாம் அதையேதான் சொல்ல வேண்டும். மாடி கட்ட அனுமதி வேண்டுமா? அதில் எங்கள் அக்காவுக்கும் வீடு இருக்க வேண்டும்.